பெட்டி எடுக்கச் சொன்னவளுக்கு

என்னை இடுப்பில் தூக்கி வளர்த்த செசிலி அக்காவுக்கு,

சர்வேசுரனுக்குத் தோத்திரம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். நீ கற்றுக்கொடுத்த பழக்கம். இன்றைக்கு அது கையில் வரமாட்டேன் என்கிறது. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த மாதம் வந்தால் நீ போய் ஒரு வருஷம். பங்குக் கோயிலில் உனக்கு வருஷ பூசை வைத்து, பள்ளிக்கூடத்தில் உன் படத்தைத் திறந்து, ஒரு நினைவு மலரும் போடப் போகிறார்கள். மலர்க் குழுவிலிருந்து இரண்டு பேர் நான் வேலை பார்க்கிற பிரசவ ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்கள். "டீச்சரைப் பத்தி நீங்கதான் எளுதணும் நர்சம்மா. கூடப் பொறந்தவுக எளுதினாத்தான் நல்லாருக்கும்" என்றார்கள். என்னத்தை எழுத என்று கேட்டேன். "அதான், சண்டையில வீடு வாசல் போன சாமிமாருக்குப் பிடியரிசி பிரிச்சாகளே, அதை எளுதுங்க. அப்படி ஒரு வசூல் இந்தப் பங்குல முன்னேயும் நடக்கல, பின்னேயும் நடக்கல."

சரி, அதையே எழுதுகிறேன். ஆனால் முழுசாக எழுதுவேன்.

பெரிய யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் மேற்றிராணியாரின், அதாவது பிஷப்பின், கடிதத்தை வாசித்தார். ஐரோப்பாவில் எத்தனையோ குருக்கள் கோயிலும் ஊரும் பறிபோய், சொந்த மண்ணுக்குத் திரும்ப வழியில்லாமல், அந்நிய தேசத்தில் பட்டாளத்துக் கொட்டகைகளில் கிடக்கிறார்களாம். போர்த்திக்கொள்ளக் கம்பளி இல்லாமல், தங்களைப் போலவே ஓடிவந்த சனங்களுக்குப் பூசை வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். முடிந்ததைச் செய்யுங்கள் என்று கடிதம் சொன்னது. உனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அது பொய்க் கண்ணீர் இல்லை. உன்னைப் பற்றி நல்லதாக நான் எழுதப்போவது இந்த ஒரு வரிதான், பத்திரமாக வைத்துக்கொள்.

உலையில் போடுகிற அரிசியில் ஒரு பிடியைக் கோயிலுக்கென்று கலயத்தில் எடுத்துப் போடுவது நம் வீடுகளில் என்றைக்கும் உள்ளது. நீ அதை இரண்டு பிடியாக்கினாய். "கோயிலுக்கு ஒண்ணு, சாமிமாருக்கு ஒண்ணு" என்று வீடு வீடாகச் சொல்லிவைத்தாய். சனிக்கிழமை தோறும் நீயே போய்க் கலயத்து மூடியைத் திறந்து பார்ப்பாய். தீப்பெட்டிக்கு லேபிள் ஒட்டிப் பிழைக்கிறவள் ஒருத்தி வாசலில் நின்று, "ரெண்டு நாளா உலையே வைக்கல டீச்சர்" என்றாள். நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "வைக்கிற அன்னிக்கு நாலு பிடியாப் போட்டுரு." அவள் தலையாட்டினாள். உன்னிடம் தலையாட்டாதவர்கள் இந்த ஊரில் யார் இருந்தார்கள்?

அப்படிச் சேர்ந்த அரிசியைப் பூசை முடிந்து கோயில் வாசலில் ஏலம் விட்டு, போர்வை வாங்கினாய். கருப்பட்டி, சுக்கு, மிளகு எல்லாம் தனியாகச் சேர்ந்தது. சாத்தூரிலிருந்து யாரோ காராச்சேவுகூடக் கொண்டுவந்து கொடுத்தார்கள். குளிருக்கு நல்லது என்று அதையும் வாங்கிவைத்துக்கொண்டாய். தூத்துக்குடிக்கு ரயிலில் அனுப்பி அங்கிருந்து கப்பலில் ஏற்ற வேண்டும். அதற்குப் பெட்டி வேண்டும்.

அதற்குத்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாய். என் வீட்டுக்காரர் அப்போது எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பெட்டி அடிக்கிற வேலையில் இருந்தார். மலரைப் படிக்கிற இளவட்டங்களுக்காகச் சொல்கிறேன், அவர் பேர் சூசை. அவரை எனக்குப் பார்த்துக் கட்டிவைத்ததும் நீதான். அம்மா இல்லாத வீட்டில் நீ கல்யாணம் கட்டாமல் இருந்து என்னை நர்சுக்குப் படிக்கவைத்து, சூது வாது தெரியாத மனுஷன் என்று தேடி அவரைக் கொண்டுவந்தாய். சூது வாது தெரியாதது கடைசியில் யாருக்கு வசதியாகப் போனது?

அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்குப் பாடம்.

"தம்பி, எனக்குப் புதுப்பெட்டி ஆறேழு வேணும். முதலாளிகிட்ட நான் சொல்லிட்டேன். நாளைக்கு எடுத்துட்டு வந்துருங்க."

"கம்பெனி செட்டுல இருந்து பெட்டி வெளிய போகணும்னா கணக்கப்பிள்ளை சீட்டு வேணும் மதினி. முதலாளி சீட்டு ஏதும் தந்தாகளா?"

"எம் பேச்சுக்குச் சீட்டு வேணுமாக்கும்?"

அவர் சிரித்துவிட்டு, "அதுக்குச் சொல்லல மதினி" என்றார். மறுநாள் வேலை முடிந்து வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து கோயிலில் இறக்கினார். ஒளிக்கவில்லை. கடைத்தெரு வழியாகத்தான் கொண்டுவந்தார். கணக்கப்பிள்ளையிடம் "முதலாளி சொல்லியிருக்காகளாம், டீச்சர் சீட்டு வாங்கித் தந்துருவாக" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தார்.

நீ முதலாளியிடம் சொல்லவே இல்லை. அவர் ஆர்டர் விஷயமாக மதராசுக்குப் போயிருந்தார். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம், நான் கேட்டால் இல்லை என்றா சொல்வார் என்று இருந்துவிட்டாய். அதைப் பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். அது உன் திமிர், அவ்வளவுதான். திமிரோடு நின்றிருந்தால் இந்தக் கடிதமே இல்லை.

அந்தப் பெட்டிகளில் 'வெடிச் சரக்கு, நெருப்பருகில் வைக்காதே' என்று பக்கத்துக்குப் பக்கம் சிவப்பெழுத்து இருந்ததே, நம்மில் ஒருத்தராவது யோசித்தோமா? நான் உட்படத்தான். நம் பக்கத்தில் உடைந்த வெடிப்பெட்டி இல்லாத வீடு ஏது? அதில் துணி வைக்கிறோம், கோழி அடைக்கிறோம். அந்தச் சிவப்பெழுத்து நம் கண்ணுக்குத் தெரிவதையே விட்டுப் பல வருஷம் ஆயிற்று. நீ காலண்டரில் வந்த மாதா படத்தைப் பெட்டிக்கொன்றாக ஒட்டி, மேலே 'அகதிக் குருக்களுக்கு' என்று உன் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, உன் பேரிலேயே விருதுநகர் ஸ்டேஷனில் லோடு போட அனுப்பிவைத்தாய்.

ஸ்டேஷனில் இருந்தவர் வெளியூர்க்காரர். அவர் கண்ணுக்கு எழுத்து தெரிந்தது. மாதா படத்துக்கு மேலும் கீழும் வெடிச் சரக்கு என்று எழுதியிருந்தால் யார்தான் சும்மா விடுவார்கள்? கோயில் சாமான் என்று சொல்லிப் பட்டாசைக் கள்ளத்தனமாக ஏற்றப் பார்க்கிறார்கள் என்று போலீசுக்குச் சொல்லிவிட்டார். போலீஸ் பெட்டியில் கம்பெனிப் பேரைப் பார்த்துவிட்டு நேராகப் புதுப்பட்டிக்கு வந்தது. மதராசிலிருந்து அன்றைக்குத்தான் வந்து இறங்கிய முதலாளிக்கு லைசென்சே போய்விடுமோ என்று பதற்றம். உடைத்துப் பார்த்ததில் உள்ளே போர்வையும் கருப்பட்டியும் இருந்ததால் போலீஸ் விட்டுவிட்டது. முதலாளி விடவில்லை. என் செட்டுப் பெட்டி சீட்டு இல்லாமல் எப்படி வெளியே போனது என்று கேட்டார். கேட்கத்தானே செய்வார்.

கம்பெனி ஆபீசில் விசாரணை. பெட்டி உன் பேரில் போனதால் உன்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். உனக்கு நாற்காலி போட்டார்கள். என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். முதலாளி மரியாதையாகத்தான் கேட்டார்.

"டீச்சர், பெட்டி எடுத்துக்கச் சொல்லி நான் சொன்னதா சூசை சொல்றாரு. எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க ஏதும் சொன்னீகளா?"

நீ சொன்னாய்: "எனக்குத் தெரியாதுங்க. சூசைதான் கொண்டாந்து தந்தாரு."

உன் பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுத் தருவதாக முதலாளி அந்த மாதம்தான் ஒப்புக்கொண்டிருந்தார். ஓலைக் கொட்டகையில் பிள்ளைகள் மழையில் நனைகிறார்கள் என்று நீ அவரிடம் நடையாய் நடந்து வாங்கிய சம்மதம். கேட்காமல் பெட்டி எடுத்தேன் என்று சொன்னால் கூரை போய்விடும் என்று பயந்தாய். ஒரு கூரைக்கு ஒரு மனுஷனை விலையாகக் கொடுத்தாய். நீ உண்மையைச் சொல்லியிருந்தாலும் முதலாளி கூரை போட்டிருப்பாரா மாட்டாரா என்று இனி யாருக்குத் தெரியும்?

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சொன்னபோது நான் கத்தினேன். "நீங்க வாயத் திறந்து சொல்ல வேண்டியதுதானே, மதினிதான் எடுக்கச் சொன்னாகன்னு?" அதற்கு அவர் சொன்னது இது: "நாலு பேர் இருக்கற எடத்துல ஒங்க அக்காவைப் பொய்க்காரின்னு சொல்லச் சொல்றியா? அவுக ஏதோ நெனச்சுத்தான் சொல்லியிருப்பாக. நாளைக்குச் சரி பண்ணிருவாக. நீ முதலாளிகிட்டப் போயி நிக்காத."

அன்றைக்கே உன் வீட்டுக்கு ஓடிவந்தேன். நீ பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாய். நிமிராமலே, "ரெண்டு நாள் பொறு பாக்கியம், நான் சொல்லிச் சரி பண்ணிடுறேன்" என்றாய். உன் இரண்டு நாள் பதின்மூன்று வருஷமாக ஓடியது அக்கா.

நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. வெள்ளிக்கிழமை சாமியாரிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். "ஞாயித்துக்கிளமை பூசை முடிஞ்சு நானே முதலாளியைப் போய்ப் பாக்கறேன் மகளே. செசிலிகிட்டயும் பேசறேன். இது தீர்ந்துரும்" என்றார். மனசு நிறைந்து வீட்டுக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வாசலில் காத்து நின்றால், அவர் என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனார். "மகளே, அந்த விஷயம் பத்தி என்னால இனி ஒண்ணும் பேச முடியாது. என்னைக் கேக்காதே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் என்ன நினைப்பேன்? இவரையும் கூரை வாங்கிவிட்டது என்று நினைத்தேன். பின்னாலேயே போய் முகத்துக்கு நேரே கேட்டேன், "ஒங்களுக்கு ஏளை பேச்சைவிடக் கூரை பெருசாப் போச்சா சாமி?" அவர் குனிந்து நின்றார். அதன் பிறகு அவர் இந்தப் பங்கில் இருந்த ஆறு வருஷமும் பூசையில் அவர் கையால் நான் நன்மை அப்பம் வாங்கவில்லை. மாற்றலாகிப் போகிற அன்றைக்கு ஊரே போய் முழந்தாளிட்டு ஆசீர்வாதம் வாங்கியது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

பட்டாசுக் கம்பெனிகளில் பேச்சு ஒரே நாளில் பரவும். சாமிமாருக்கு என்று பேர் சொல்லிப் பெட்டி திருடியவன் என்று என் வீட்டுக்காரருக்குப் பேராகிவிட்டது. புதுப்பட்டியிலும் திருத்தங்கலிலும் ஒருத்தரும் வேலை தரவில்லை. தூத்துக்குடியில் மரக்கடைக்குப் போய்க் கிடந்தார். மாதத்துக்கு ஒரு தடவை வருவார், விடிந்தால் கிளம்பிவிடுவார். ஊரைவிட்டுப் போன குருக்களுக்காக நீ வீடு வீடாக ஏறி இறங்கினாய். உன்னால் ஊரைவிட்டுப் போன மனுஷன் ஒருத்தர் உன் தங்கை வீட்டில் இருந்தாரே, அவருக்காக ஒரு வீட்டுப் படி ஏறினாயா? புதுப்பட்டியில் ஒரு ஆபீஸ் படி ஏறினால் போதுமாக இருந்தது.

போர்வைகளைச் சாக்கில் கட்டி மறுபடி அனுப்பினாய், போயும் சேர்ந்தது. அந்தத் தேசத்திலிருந்து நன்றிக் கடிதம் வந்தது. சாமியார் பூசையில் அதை மொழிபெயர்த்து வாசித்தார். மேற்றிராணியார் உனக்கு ஒரு செபமாலை அனுப்பினார். அந்தக் குருக்கள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பாவம், அவர்களுக்கு எங்கே தெரியும்?

இப்போது சொல்லப்போவது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. போன வருஷம் சர்க்கரை வியாதியில் கால் புண்ணாகி நீ படுத்தபோது, நான்தான் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டேன். கடமைக்குச் செய்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன், பாசத்தில்தான் செய்தேன், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒரு நாள் மத்தியானம் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தேன். நீயாகவே ஆரம்பித்தாய்.

"பாக்கியம், பெட்டி விஷயத்தை நான் அப்பவே சொல்லிட்டேன்."

அவிழ்த்த துணியைக் கீழே வைத்தேன். "யாருகிட்டக்கா?"

"சாமியார்கிட்ட. சனிக்கிளமை பாவசங்கீர்த்தனத்துல."

"அவுக என்ன சொன்னாக?"

"முதலாளிகிட்டப் போயி உண்மையச் சொல்லு, சூசை பேரைத் திருப்பிக் குடு, அப்பத்தான் பாவ மன்னிப்புன்னாக."

"போனியா?"

நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். அந்தப் பாவசங்கீர்த்தனத்துக்குப் பிறகு மாதத்து முதல் வெள்ளிக்கிழமை தோறும் பஸ் ஏறிச் சாத்தூர்க் கோயிலுக்குப் போனாயே, டீச்சருக்கு என்ன பக்தி என்று ஊர் பேசியதே, அது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அங்கே பாவசங்கீர்த்தனம் கேட்கிற சாமியாருக்கு நீ யார், சூசை யார் என்று ஒன்றும் தெரியாது.

அந்தச் சாமியாரின் வெளுத்த முகமும் அப்போதுதான் விளங்கியது. வெள்ளிக்கிழமை நான் சொன்னதை வைத்துக்கொண்டு அவர் போய்ப் பேசியிருப்பார். சனிக்கிழமை நீ அந்தக் கூட்டுக்குள் முழந்தாளிட்டு அதையே சொல்லிவிட்டாய். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை உயிரே போனாலும் ஒரு குரு வெளியே காட்டக் கூடாது, காட்டியதாக ஒருத்தர் நினைக்கிற மாதிரிகூட நடக்கக் கூடாது. எங்களுக்குச் சின்ன வயசில் ஞானோபதேச வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுத்ததே நீதான். உண்மை தெரிந்த, முதலாளி காது கொடுத்துக் கேட்கிற ஒரே மனுஷனின் வாயை நீ கட்டிப்போட்டாய். அந்தக் கட்டோடுதான் அவர் என்னிடம் பேச்சு வாங்கினார். ஏழை பேச்சைவிடக் கூரை பெரிதா என்று நான் கேட்டபோது, எது பெரிது என்று சொல்லக்கூட அவருக்கு வழி இல்லை.

நான் உன்னைக் கேட்கிறேன். அன்றைக்கு நீ பாவம் போகவா போனாய், அவர் ஞாயிற்றுக்கிழமை முதலாளியைப் பார்க்கப்போவது தெரிந்து போனாயா? இதைக் கேட்கத்தான் கட்டு மாற்றிய மறுநாள் வந்தேன். உனக்கு அதற்குள் நினைவு தப்பிவிட்டது.

அந்தச் சாமியார் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தேன். உனக்கு முன்னாலேயே போய்விட்டாராம். அவரிடம் மன்னிப்புக் கேட்கிற வழியையும் எனக்கு இல்லாமல் செய்துவிட்டாய்.

இங்கே உள்ள சேதி கேள். என் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலிருந்து திரும்பி வந்து உள்ளூரிலேயே தச்சு வேலை பார்க்கிறார். எந்த வீட்டில் வேலை முடித்தாலும், கிளம்புமுன் தன் பையை வாசலில் கவிழ்த்து, உளி, சுத்தியல், இழைப்புளி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்காரருக்குக் காட்டிவிட்டுத்தான் வருவார். யாரும் கேட்பதில்லை. "இருக்கட்டும் ஆசாரியாரே" என்று சிலர் தடுத்தும் பார்க்கிறார்கள். அவருக்கு அப்படிக் காட்டாமல் வர முடியவில்லை. உன் படத்துக்குச் சட்டமும் அவரிடம்தான் சொன்னார்கள். தேக்கில் இழைத்து, மூலை நான்கும் பிசிறில்லாமல் செய்துகொடுத்தார். எப்படி மனசு வந்தது என்று கேட்டேன். "நல்ல மரம், அதைப் போயி ஏன் பாளாக்கணும்?" என்கிறார். கொடுத்துவிட்டுப் பையையும் கவிழ்த்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறார், உன் படத்துக்கு முன்னாலேயே.

மலர்க் குழு இந்தக் கடிதத்தைப் போடாது என்று எனக்குத் தெரியும். போடாமல் போகட்டும். நீ போன பிறகு கோயிலில் ஒன்று மாறியிருக்கிறது. பூசை இப்போது தமிழில். சாமியார் சனத்தைப் பார்த்து நிற்கிறார். விசுவாசிகள் மன்றாட்டு என்று புதிதாக ஒன்று வைத்திருக்கிறார்கள். சனத்தில் ஒருத்தர் முன்னால் போய் நின்று மைக்கில் ஒரு வேண்டுதலைச் சொல்ல வேண்டும், கோயிலே சேர்ந்து "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்ல வேண்டும். உன் வருஷ பூசைக்கு அதைச் சொல்ல என்னைத்தான் போட்டிருக்கிறார்கள். உன் ஈகை, உன் தியாகம் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். உன் படத்தைத் திறக்க வரும் முதலாளி, வயதாகிவிட்டது அவருக்கும், முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். "வேண்டாம் பாக்கியம், செத்தவுகளைப் போயி" என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அவர் பேச்சை ஒரு தடவை கேட்டது போதும்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன் அக்கா. அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டுச் சொல்வேன்: "பெட்டியை எடுக்கச் சொன்னது என் அக்கா செசிலி. சூசை திருடவில்லை. அது தெரிந்தும் சொல்லாமல் செத்துப்போன என் அக்காவின் ஆத்துமத்துக்காக வேண்டிக்கொள்வோம்." சொல்லிவிட்டு, கோயில் முழுக்க வாய் திறந்து பதில் சொல்கிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டேன்.

இப்படிக்கு,
உன் கூடப் பிறந்தவள், சூசை பெண்டாட்டி,
பாக்கியம்